மாஸ்ஃபெட் டூப்ளிகேட் இல்லை: நம் கடை வாடிக்கையாளர்களுக்கு

ரிச்சி ஸ்ட்ரீட்டில் நம் கடைக்கு வந்துபோகிற எல்லோருக்கும் வணக்கம்.

காலேஜ் பிராஜெக்ட் குரூப்புகளில் சுற்றுகிற அந்த வாட்ஸ்அப் மெசேஜை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நம்மிடம் வாங்கிய மாஸ்ஃபெட் (சுவிட்ச் மாதிரி கரன்ட்டைத் திறந்து மூடுகிற மூன்று கால் பீஸ்) டூப்ளிகேட்டாம், இஎஸ்பி32 கன்ட்ரோலர் போர்டோடு போட்டால் லைட் மங்கலாக எரிகிறதாம், பீஸ் கொதிக்கிறதாம். விலை ஜாஸ்தி என்று எழுதியிருந்தால் விட்டிருப்பேன். டூப்ளிகேட் என்றதைத்தான் தாங்க முடியவில்லை. பில்லோடு சரக்கு எடுத்து, ஒவ்வொரு லாட்டிலும் சில பீஸ்களை மீட்டரில் பார்த்த பிறகுதான் டப்பாவில் கொட்டுகிறோம்.

மெசேஜ் போட்ட தம்பியே அந்தப் பீஸோடு வந்தார். கவுன்ட்டரிலேயே மாட்டிப் பார்த்தோம். அவருடைய 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப்பை கரன்ட் நுழைகிற ட்ரெயின் காலில் கட்டி, திறக்கச் சொல்கிற கேட் காலுக்கு போர்டின் 3.3 வோல்ட்டைக் கொடுத்தால், அவர் சொன்னது போலவே மங்கல் வெளிச்சம், கை வைக்க முடியாத சூடு. அந்த வயரைக் கழற்றிவிட்டு கேட்டில் 9 வோல்ட் பேட்டரியைக் கொடுத்தோம். ஸ்ட்ரிப் பளிச்சென்று எரிந்தது, சூடும் அடங்கியது. பீஸ் அதேதான்.

காரணம் இதுதான்: அவர் வாங்கியிருந்த ஐஆர்எஃப்இசட்44என் திறக்க ஆரம்பிப்பதே 2-லிருந்து 4 வோல்ட்டுக்குள் எங்கேயாவதுதான், முழுதாகத் திறந்த நிலையின் ரெசிஸ்டன்ஸை டேட்டாஷீட்டில் 10 வோல்ட்டுக்குத்தான் போட்டிருக்கிறார்கள். 3.3 வோல்ட்டில் அது பாதி திருகிய குழாய் மாதிரி, மிச்ச வோல்ட்டேஜ் அதற்குள்ளேயே சூடாகிப் போகிறது. இஎஸ்பி32-க்குக் கேட்க வேண்டியது எஃப்-க்குப் பதில் எல் போட்ட ஐஆர்எல்இசட்44என். அது 1-லிருந்து 2 வோல்ட்டுக்குள்ளேயே திறக்க ஆரம்பித்துவிடும், ஒன்றிரண்டு ஆம்பியர் ஸ்ட்ரிப்புக்கு 3.3 போதும். பழையது கையில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், முன்னால் ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், போர்டின் பின்னுக்கும் அதன் பேஸ் காலுக்கும் நடுவே 4.7கே ரெசிஸ்டர், கேட்டோடு சேர்கிற கலெக்டர் காலிலிருந்து 12 வோல்ட்டுக்கு 1கே ரெசிஸ்டர், எமிட்டர் காலை கிரவுண்டில் போட்டால் கேட்டுக்கு முழு 12 வோல்ட் கிடைக்கும். சிக்னல் மட்டும் தலைகீழாகிவிடும், புரோகிராமில் ஹை, லோவை மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம், "3.3-ஐ 12 ஆக்க ஒரு பூஸ்டர் கொடுங்க" என்று கேட்டு வருகிறவர்களுக்கு: பூஸ்ட் கன்வெர்ட்டர் மாட்யூல் சப்ளையை ஏற்றத்தான், சிக்னலை ஏற்ற அல்ல. அதன் இன்புட்டில் கன்ட்ரோலர் போர்டின் பின்னைக் கொடுத்தால் அந்தப் பின்தான் கெட்டுப்போகும். 5 வோல்ட்டில் ஓடும், ஒவ்வொரு லைட்டுக்கும் தனித்தனியாக நிறம் மாற்றக்கூடிய டபிள்யூஎஸ்2812பி எல்இடி ஸ்ட்ரிப்புக்கு டேட்டா சிக்னல் 3.5 வோல்ட்டாவது வேண்டும், அதற்கு 74எச்சி வரிசை ஐசி உதவாது, அதுவும் அதே 3.5-ஐத்தான் கேட்கும். சிக்னலை ஏற்றித் தரும் 74எச்சிடி125 ஐசியை வாங்குங்கள், அதற்கு 5 வோல்ட் சப்ளை கொடுத்தால் 2 வோல்ட் வந்தாலே ஹை என்று எடுத்துக்கொண்டு 5 வோல்ட்டாக வெளியே தரும். எதைப் போட்டாலும் இரண்டு சப்ளைகளின் கிரவுண்டையும் சேர்த்துக் கட்டுங்கள்.

இதையெல்லாம் கேட்டுக் கேட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நம் கவுன்ட்டர் தம்பிக்கு ஒரகடம் பக்கம் வேலை கிடைத்துவிட்டது, நல்ல வேலை, எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் கூட்ட நேரத்தில் நீங்கள் ஒரு நம்பரைச் சொன்னால் அந்த நம்பரைத்தான் இப்போது எடுத்துத் தர முடிகிறது. அதனால் வரும்போது என்ன போர்டு, ஓட்டப்போவது எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

குரூப்பில் நமக்காகப் பேசியவர்களுக்கும், ஜூனியர்களை "அங்கே போய்க் கேளு" என்று அனுப்பி வைக்கிற பழைய மாணவர்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நீங்கள் இருக்கிற தைரியத்தில்தான் கடை நடக்கிறது. லூஸ் பீஸ் விலை கொஞ்சம் ஏறியிருக்கிறது, சால்டர் பட்டதை இனித் திரும்ப எடுக்க முடியாது.

அந்தத் தம்பி எல் போட்டதை வாங்கிக்கொண்டு போனார், ஸ்ட்ரிப் நன்றாக எரிகிறது என்று போன் பண்ணியும் சொன்னார். அந்த மெசேஜ் உங்கள் குரூப்பில் இருந்தால், தயவுசெய்து அதற்குக் கீழே இந்த மடலையும் போட்டுவிடுங்கள்.