மூன்றாவது முறையும் வந்துவிட்டது

மதுரை
11.8.2024

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. தென்காசியில் சாரல் விடாமல் அடிக்கிறது, மாடியில் போட்ட துணி நாலு நாளாகியும் காயவில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது அந்தச் சாரலில் வந்து நின்றுவிட்டால் போதும் என்று இருந்தது. உடம்பு அப்படி எரிகிறது. ஆமாம், மறுபடியும் தைராய்டு. போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், பேச வேண்டியதைப் பேசாமலே வைத்துவிடுவோம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

எப்படித் தெரிந்தது என்றால், ஜூலை முதல் வாரம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு லேபில் டைட்ரேஷன் செய்து காட்டிக்கொண்டிருந்தேன். பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்து, குடுவையில் லேசான ரோஸ் நிறம் வந்து நிற்கிற அந்த ஒரு சொட்டில் பியூரெட்டை மூட வேண்டும். இருபது வருடமாகச் செய்கிற வேலை. அன்றைக்கு விரல் அந்தத் திருகில் நிற்கவே இல்லை, இரண்டு தடவையும் கரைசல் ஊதாவாகிவிட்டது. முன்னால் நின்ற பெண் ஒருத்தி மெதுவாக என் கையிலிருந்து குடுவையை வாங்கி, "மிஸ், நான் பிடிச்சுக்கிறேன்" என்றாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, 2016-இல் டாக்டர் செய்து பார்த்த மாதிரியே கையை முன்னால் நீட்டி, புறங்கையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்தேன். தாளின் ஓரம் படபடவென்று அடித்துக்கொண்டது.

தைராய்டைச் சுரக்கச் சொல்கிற டி.எஸ்.எச். 0.01-க்கும் கீழே, தைராய்டு சுரக்கிற டி4 ஹார்மோன் இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. சுரப்பு எகிறினால் முதலாவது இப்படித்தான் இறங்கிவிடும். இந்த முறை பார்க்கிற டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "முடி கொட்டுதுன்னு ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று. சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன், அதில் பயோட்டின் இருக்கிறது. அந்த பயோட்டின் சில லேப் டெஸ்டுகளைக் குழப்பி, ஒன்றுமே இல்லாதவருக்கும் தைராய்டு எகிறிக் கிடப்பதுபோல் காட்டிவிடுமாம். ஒரு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுத்தேன். அந்த ஒரு வாரமும் நான் வேண்டாத சாமி இல்லை. ஆனால் எண்கள் மாறவில்லை, தைராய்டைத் தூண்டுகிற ஆன்டிபாடியும் கூடுதலாகவே வந்தது. அதே கிரேவ்ஸ்தான். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைப் பிடித்து 'இன்னும் சுர, இன்னும் சுர' என்று விரட்டுகிற நோய்.

நீ கேட்டிருந்தாயே, உன் நாத்தனாருக்கும் தைராய்டுதான், அவர் குண்டாகிக்கொண்டே போகிறார், நீ மட்டும் ஏன் மெலிகிறாய் என்று. அவருக்குச் சுரப்பு குறைவு, எனக்கு அதிகம். நம் ஊரில் தைராய்டு என்றாலே எல்லாருக்கும் குறைவுதான் தெரியும், அதனால் எனக்குக் கிடைக்கிற அறிவுரை பாதி தலைகீழாக இருக்கிறது. ஸ்டாஃப் ரூமில் ஒருத்தர் கடற்பாசி மாத்திரை நல்லது என்று வாங்கியே வந்துவிட்டார். அதில் அயோடின் எக்கச்சக்கம், எனக்கு அது எரிகிற நெருப்பில் எண்ணெய். இன்னொருத்தர், "மெலிஞ்சு நல்லா ஆயிட்டீங்க டீச்சர்" என்கிறார். ஏழு கிலோ போயிருக்கிறதடி, மூன்று வேளையும் முன்பைவிட அதிகமாகச் சாப்பிட்டுக்கொண்டே. மாடிப்படி ஏறினால் தொடை நடுங்குகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம் தலையணையில் கேட்கிறது.

இதையெல்லாம்விட என்னை வதைப்பது கோபம். போன மாதம் காபி டம்ளரைக் கழுவாமல் வைத்தான் என்பதற்காகச் சின்னவனைப் பார்த்துக் கத்திய கத்தில் அவன் சுவரோடு ஒட்டி நின்றுவிட்டான். அந்த முகம் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அது ஹார்மோன் செய்கிற வேலை என்று தெரியும், அவனுக்கும் உட்கார வைத்துச் சொன்னேன். ஆனாலும் வாங்கினது அந்தப் பிள்ளைதானே.

சரி, இப்போது என்ன செய்வது என்பதுதான் கேள்வி. 2016-இல் பதினெட்டு மாதம், சுரப்பைக் குறைக்கிற கார்பிமசோல் மாத்திரை சாப்பிட்டேன், நின்றது. 2020 மார்ச்சில் திரும்ப வந்தது, மறுபடி பதினெட்டு மாதம். மாத்திரையை நிறுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்ப வரும் என்று முதல் தடவையே யாராவது சொல்லியிருக்கலாம். நிறுத்துவதற்கு முன்னால் ஆன்டிபாடி குறைந்திருக்கிறதா என்று பார்த்திருந்தால் ஓரளவு கணித்திருக்கலாம். இரண்டு தடவையும் எனக்கு அதைப் பார்க்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இப்போது இருக்கிற வழிகள் மூன்று. மாத்திரையையே குறைந்த அளவில், ஐந்து மில்லிகிராம் மாதிரி, வருடக்கணக்கில் விடாமல் சாப்பிடுவது. அது தப்பான வழி இல்லை, பலர் நன்றாகவே இருக்கிறார்கள் என்றார் டாக்டரம்மா. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. 2020 ஜூனில் நடந்ததை நான் உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. அந்த மாத்திரை ரொம்ப அபூர்வமாக வெள்ளை அணுக்களை அடியோடு குறைத்துவிடும், அதனால் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால் உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும் என்பது சட்டம். எனக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தது சரியாக ஊரடங்கில். காய்ச்சல் என்று சொன்னதுமே ஒரு லேபில் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொரோனாவா, அணுக்கள் போய்விட்டதா, எதற்குப் பயப்படுவது என்றே தெரியாமல் வீட்டுக்காரரும் நானும் பைக்கில் இன்னொரு இடம், இன்னொரு இடம் என்று அலைந்து, கடைசியில் சாயங்காலம் ஒருவர் கவச உடை போட்டுக்கொண்டு வந்து ரத்தம் எடுத்தார். அணுக்கள் சரியாக இருந்தன, வெறும் சளிக் காய்ச்சல். அந்த ஆபத்து பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில்தான், இப்போது மறுபடி ஆரம்பித்திருப்பதால் மறுபடியும் கவனமாக இருக்க வேண்டும். நாற்பத்தைந்து பிள்ளைகள் தும்மிக்கொண்டிருக்கிற வகுப்பில் நிற்கிறவள் நான். ஒவ்வொரு தொண்டைக் கரகரப்புக்கும் அந்த நாள் ஞாபகம் வருகிறது.

இரண்டாவது, கதிரியக்க அயோடின். கேட்டவுடன் உனக்குப் பயமாக இருக்கும். எனக்கு என்னமோ இதுதான் பிடித்திருந்தது, வேதியியல்காரி இல்லையா. 1941-லிருந்து கொடுக்கிறார்கள். தைராய்டு அயோடினைக் கண்டால் விடாது, இழுத்துக்கொள்ளும். கதிர்வீசுகிற அயோடின் 131-ஐயும் அதே ஆசையோடு இழுத்துக்கொண்டு உள்ளேயே கருகும். அதன் பீட்டாக் கதிர் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் போகும், அரை ஆயுள் எட்டே நாள். ஒரு தடவை விழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம், கொஞ்ச நாள் குழந்தைகள், கர்ப்பிணிகள் பக்கம் போகாமல் தனியாகப் படுத்துக்கொண்டால் சரி. மனதளவில் தயாராகவே போனேன். ஆனால் கண் கெடுத்துவிட்டது. இந்த முறை காலையில் எழுந்தால் கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தல், மேல் இமை வீங்கி மேலே ஏறி நிற்கிறது. கிரேவ்ஸ் கண்ணையும் பிடிக்கும், இப்போது லேசாகப் பிடித்திருக்கிறது. அந்த நேரத்தில் அயோடின் கொடுத்தால் கண் மோசமாகலாம், ஸ்டீராய்டு கூடவே கொடுத்துச் செய்யலாம், ஆனால் நானாக இருந்தால் தவிர்ப்பேன் என்றார் டாக்டரம்மா.

மிஞ்சுவது ஆபரேஷன். கழுத்தில் கீறித் தைராய்டு முழுவதையும் எடுத்துவிடுவது. எடுத்தால் மறுபடி வராது, கண்ணுக்கும் கெடுதல் இல்லை. ஆனால் குரலை அசைக்கிற நரம்பு தைராய்டை ஒட்டியே ஓடுகிறது. நான் நாள் முழுக்கப் பேசிப் பிழைக்கிறவள், கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல்தான் என் சம்பளம். கண்ணைப் பார்த்தால் அயோடின் முடியாது, குரலை நினைத்தால் கத்தி முடியாது. ஒரு வாரம் இதே ஊசலாட்டம்தான்.

பிறகு சர்ஜனையே நேரில் பார்த்தேன். இதைத் தொடர்ந்து செய்கிறவர், அவசரப்படாமல் பேசினார். பழகின கை என்றால் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் நிரந்தரமாகக் குரல் பாதிக்கும், கொஞ்ச நாள் கரகரப்பு என்பது இன்னும் பலருக்கு வரும், சத்தமாகப் பேசினால் சீக்கிரம் களைத்துப்போவதும் உண்டு என்று மறைக்காமல் சொன்னார். தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நாலு சுரப்பி இருக்கிறது, அதற்கு அடிபட்டால் கால்சியம் இறங்கி உதடும் விரல்நுனியும் மரத்துப்போகும், அதற்கும் மாத்திரை உண்டு. நான் சொன்ன பயத்தையெல்லாம் கேட்டுவிட்டு, கேமரா விட்டுக் குரல் நாண்களைப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டார்.

அப்புறம் ஆயுசுக்கும் தைராக்ஸின் மாத்திரை, தைராய்டு சுரக்க வேண்டிய ஹார்மோனையே மாத்திரையாக விழுங்குவது. இதை நினைத்துத்தான் எட்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது உன்னிடம் ஒத்துக்கொள்கிறேன். கோச்சர் என்ற ஸ்விஸ் சர்ஜன் தைராய்டு ஆராய்ச்சிக்காக 1909-இல் நோபல் வாங்கினவர். தைராய்டை முழுசாக எடுத்த நோயாளிகள் பிற்பாடு மந்தமாகி வீங்கிப்போனதை அவரேதான் 1883-இல் எழுதினார். அவர்களுக்குக் கொடுக்க அன்றைக்கு மாத்திரை இல்லை. எனக்கு இருக்கிறது, விலையும் குறைவு, காலையில் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அரைமணி கழித்துக் காபி. உன் நாத்தனார் தினமும் செய்வதுதானே. எப்போது திரும்ப வருமோ என்று கையை நீட்டி நீட்டித் தாள் வைத்துப் பார்க்கிற வாழ்க்கையைவிட அது எனக்கு நிம்மதி.

அதனால் ஆபரேஷன் என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்காரருக்கும் சம்மதம். முதலில் கார்பிமசோலால் எல்லாம் நார்மலுக்கு வர வேண்டும், படபடப்புக்குப் புரோப்ரனோலால் சேர்த்திருக்கிறார்கள், கை இப்போதே கொஞ்சம் அடங்கியிருக்கிறது. கடைசிப் பத்து நாள் லூகால் கரைசல் சொட்டுக் கணக்கில் குடிக்க வேண்டும், தைராய்டுக்குள் ரத்த ஓட்டம் குறைவதற்கு. கடற்பாசி வேண்டாம் என்றவளுக்கு அயோடினா என்று கேட்பாய், அந்தப் பத்து நாளைக்கு மட்டும் அதிக அயோடின் சுரப்பியை அடக்கும். நம் லேப் அலமாரியில் பழுப்புப் பாட்டிலில் நிற்குமே, அதே அயோடினும் பொட்டாசியம் அயோடைடும்தான்.

நேற்று ஒன்று செய்தேன். வகுப்பு முடிந்தபின் காலி அறையில் நின்று, ஒரு முழுப் பாடத்தையும் நடத்தி போனில் பதிந்து வைத்தேன். ஏனென்று கேட்காதே, இருக்கட்டும் என்று தோன்றியது. உனக்கும் அனுப்புகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

டிசம்பர் அரையாண்டு லீவோடு மெடிக்கல் லீவும் சேர்த்துப் போடப்போகிறேன். ஏட்டி, அந்த ஒரு வாரம் நீ வந்து என்னோடு இருக்க முடியுமா? பேசக் கூடாது என்பார்கள். பேசாமலே நான் சொல்வது புரிகிற ஆள் நீதான் இருக்கிறாய். உன் வீட்டில் கேட்டுவிட்டு எழுது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீ அம்பாசமுத்திரம் பக்கம் போனால் வாய் தவறிச் சொல்லிவிடாதே. புரட்டாசியில் போய் நானே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொள்கிறேன்.

என்றும் உன்,
ஹாஸ்டல் அறைத்தோழி