டோனர் வேண்டாம், ட்ரம்மை மாற்ற அனுமதி தாருங்கள்

எங்கள் வலயக் கல்விப் பணிமனையின் கணக்குப் பகுதியினருக்கு,

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

எங்கள் பாடசாலையின் பழைய லேசர் பிரிண்டரில் எடுக்கும் தாள்களில் கறுப்புப் பொட்டு விழுவது பற்றி அதிபர் எழுதிய கடிதங்கள் உங்கள் கோப்பில் இருக்கின்றன. அதனால் கதையை முதலிலிருந்து சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் வந்த பதில் 'டோனர் நிரப்ப அனுமதி', அதாவது மைத்தூள் நிரப்ப அனுமதி என்பதுதான். நிரப்பினோம். கறுப்புப் பொட்டு போகவில்லை. இனி எத்தனை தரம் நிரப்பினாலும் போகாது.

அடிமட்டம் வைத்து அளந்து பார்த்தேன். தாளின் ஒரே நேர்க்கோட்டில், 75 மில்லிமீற்றருக்கு ஒரு தரம் பொட்டு விழுகிறது. டோனர் இருக்கும் பெட்டியான கார்ட்ரிட்ஜுக்குள், எழுத்தைத் தாளில் பதிக்கும் ட்ரம் என்ற உருளையின் விட்டம் 24 மில்லிமீற்றர், அதன் ஒரு சுற்றும் ஏறத்தாழ 75 தான். மேற்பூச்சு கீறுப்பட்ட இடத்தில் மின்னேற்றம் நிற்காது. அங்கே டோனர் ஒட்டிக்கொண்டு சுற்றுக்கு ஒரு தரம் தாளில் இறங்குகிறது. கார்ட்ரிட்ஜைக் கழற்றி ட்ரம்மை மெல்லச் சுற்றினால் அந்தப் பச்சை உருளையில் கீறல் கண்ணுக்கே தெரிகிறது. அச்சான எழுத்தை விரலால் தேய்த்தால் அழிவதில்லை, ஆகவே டோனரைச் சூடாக்கித் தாளில் ஒட்டவைக்கும் பகுதியில் பிழை இல்லை. பிழை ட்ரம்மில்தான்.

ஒரு பொட்டுக்கு இவ்வளவு எழுத வேண்டுமா என்று நினைப்பீர்கள். எங்களுடையது சிறிய பாடசாலை, வினாத்தாள் முழுவதும் இந்தப் பிரிண்டரில்தான் எடுக்கிறோம். தாளுக்குத் தாள் பொட்டின் உயரம் மாறும். சென்ற தவணைப் பரீட்சையில் தரம் 7 கணிதத் தாளில், சில பிள்ளைகளுக்கு 125 ஐ 5 ஆல் வகுக்கக் கேட்டிருந்தது, சில பிள்ளைகளுக்கு 12.5 ஐ. நடுவில் ஒரு பிள்ளை தாளைத் தூக்கிக்கொண்டு வந்து, "ரீச்சர், இது தசமப் புள்ளியோ, ஊத்தையோ?" என்று கேட்டது. கேட்கத் துணிவில்லாத பிள்ளைகள் 2.5 என்று எழுதிவிட்டு இருந்தார்கள். அவர்கள் முன்னால் இருந்த தாளுக்கு அது சரியான விடை. சரி போட்டேன். வெளியில் இருந்து வரும் ஒருவர் திருத்தினால் போடுவாரா?

யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது. பழுது பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. யாழ். நகரத்தில் ட்ரம் மாற்றிக் கொடுக்கும் கடைகளும் இருக்கின்றன. படிவத்தில் 'டோனர்' என்ற நிரல் இருக்கிறது, 'உதிரிப்பாகம்' என்ற நிரல் இல்லை என்பதற்காகப் பிள்ளைகளின் கணக்கு மாறுவதை எப்படிப் பொறுப்பது? கூரை ஒழுகினாலும் இதே பதில், தண்ணீர்த் தாங்கி வெடித்தாலும் இதே பதில். பாடசாலையில் நிற்பவர்கள் சொல்வதை ஒருக்கால் நம்பிப் பார்க்கக்கூடாதா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலைப் பளுவும் எனக்குத் தெரியும். புதிய பிரிண்டர் கேட்கவில்லை. டோனருக்கு ஒதுக்கும் காசிலேயே ட்ரம்மையும், அதைத் துடைக்கும் பிளேட்டையும் மாற்ற அனுமதி தாருங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரை அனுப்புங்கள், பொட்டு விழுந்த தாள்களை எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த தவணைத் தாள் அச்சிட முன்னர் அந்த அனுமதி கைக்கு வரவேண்டும் என்று பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை,
யாழ்ப்பாணம்