சாமியைக் காட்டிச் சொன்ன 'முடியாது'

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலடித் தந்திக் கம்பிகளைப் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். கட்டாபெர்ச்சா பிசின் பூசிய செம்புக் கம்பி, அதை வயிற்றுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு போன கப்பல்கள், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நடுவில் ஓர் இடம் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. ஃபெங் சுயி, அதாவது நம்ம ஊர் வாஸ்து மாதிரி நிலத்தின் அமைப்பைப் பார்க்கும் மூடநம்பிக்கையால் சீனர்கள் தந்தியையே வேண்டாம் என்றார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார் கட்டுரையாளர். இது பற்றி எனக்குக் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

நான் முப்பது வருடத்துக்கு மேல் டெலிபோன் கேபிள் புதைத்த ஆள். கடலெல்லாம் இல்லை, சாலையோரப் பள்ளம்தான். தோண்டி, கேபிள் இறக்கி, மணல் போட்டு, செங்கல் அடுக்கி மூட ஒரு வாரம் ஆகும் என்றால், தோண்டிக்கொள்ளலாம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்க மூன்று மாதம் ஆகும். எண்பதுகளின் கடைசியில் ஒரு கிராமத்தில் வரப்போரமாகக் கேபிள் போக வேண்டியிருந்தது. நிலத்துக்காரப் பெரியவர், "அங்க முனியப்பசாமி இருக்குது தம்பி, மண்ணைத் தொடப்படாது" என்று ஒரே பிடியாக நின்றார். நாலு தடவை நடந்தோம். எங்கள் ஜே.இ. (ஜூனியர் இன்ஜினியர்) ஃபைலில் 'மூடநம்பிக்கை' என்று எழுதியே விட்டார். ஐந்தாவது தடவை நான் மட்டும் போய்த் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடிக்கும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறொரு துறைக்காரர்கள் குழாய் போடத் தோண்டிய பள்ளத்தை மூடாமல் போக, அதில் அவருடைய சினைப்பசு விழுந்து கால் ஒடிந்திருக்கிறது. கேட்கப் போனால் ஒருத்தரும் பொறுப்பேற்கவில்லை. சாமி பெயரைச் சொன்னால் சர்க்கார் ஆள் மறுபேச்சு பேசமாட்டான் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார், அவ்வளவுதான். தோண்டிய அன்றைக்கே மூடிவிடுகிறோம் என்றதும் சரி என்றார். பொழுது சாய்ந்தும் டார்ச் லைட்டோடு நின்று, கடைசி மண்வெட்டி மண் விழுவதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

1870-ல் பீகிங்கில், அதாவது இன்றைய பெய்ஜிங்கில், பிரிட்டிஷ்காரர்கள் கம்பி போட அனுமதி கேட்டபோது நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். ஃபெங் சுயி நம்பிக்கை இல்லாமல் இல்லை. 1865-ல் ஷாங்காய் பக்கம் ஒரு வெளிநாட்டு வியாபாரி அனுமதி வாங்காமல் நட்ட தந்திக் கம்பங்களைக் கிராமத்தார் பிடுங்கிப் போட்டார்கள். பின்னாலிருந்து தூண்டிவிட்டவர் உள்ளூர் அதிகாரி. ஆனால் வெளிநாட்டு விவகாரங்களைக் கவனித்த ஸோங்லி யாமென் அலுவலகத்தின் கவலையே வேறு. கம்பி நிலத்தில் ஏறிவிட்டால் நாளைக்கு எவனோ ஒருவன் அதை அறுக்க, நஷ்டஈடு சீன அரசின் தலையில் விடியும். அதோடு, ஒரு நாட்டுக்குக் கொடுக்கும் சலுகையை மற்ற நாடுகளும் உரிமையாகக் கேட்கலாம் என்று ஒப்பந்தங்களிலேயே எழுதியிருந்தது, இரண்டு அபினிப் போர்களில் தோற்றுக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்த ஒப்பந்தங்கள். அதனால் பிரிட்டிஷ் தூதர் தாமஸ் வேட் கேட்டபோது அவர்கள் கொடுத்த பதில் இருக்கிறதே, ஆயுசு பூராவும் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்றுக்கு அலைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது ஒரு கலை. கடலுக்கடியில் கரையோரமாகப் போட்டுக்கொள்ளுங்கள்; ஆனால் கம்பியின் நுனி கரையைத் தொடக் கூடாது, துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்ட கப்பலுக்குள்தான் இருக்க வேண்டும். அதாவது, ஆயிரக்கணக்கான மைல் மின்சாரத்தில் ஓடிவரும் செய்தி கடைசி கொஞ்ச தூரத்தைத் துடுப்புப் போட்டுக் கடக்க வேண்டும்!

அப்படி நடந்ததா? எங்கே. டென்மார்க்கின் கிரேட் நார்தர்ன் கம்பெனி அந்த டிசம்பரிலேயே, ஷாங்காய்க்குப் போகும் ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் வூசோங் வழியாக இரவோடு இரவாகக் கம்பியை ஆற்றுக்குள் இழுத்துக்கொண்டு போய் ஷாங்காயில் ஏற்றிவிட்டது. 1871 ஏப்ரலில் ஹாங்காங்குக்கும் ஷாங்காய்க்கும் தந்தி ஓட ஆரம்பித்துவிட்டது. சீன அதிகாரிகள் ஆட்சேபித்தார்கள், கம்பி அங்கேயே கிடந்தது. அதே காலத்தில்தான் சென்னையிலிருந்து பினாங், சிங்கப்பூர் வழியாக ஹாங்காங் வரைக்கும் கம்பி வந்து சேர்ந்தது. நம் கடற்கரையில் நுனியைக் கப்பலில் வைத்துக்கொண்டு யாரும் காத்திருக்கவில்லை. கேட்டவர்களும் பிரிட்டிஷ் ஆட்கள், கொடுத்தவர்களும் பிரிட்டிஷ் ஆட்கள்.

தந்தியையே வெறுத்தவர்கள் என்றால், 1881-ல் சீன அரசின் பெரிய அதிகாரி லி ஹோங்ஜாங் முன்னின்று ஷாங்காய்க்கும் தியான்ஜினுக்கும் சீனாவின் சொந்தத் தந்திப் பாதையைப் போட்டது எப்படி? அவர்கள் மறுத்தது கம்பியை இல்லை, அது யார் கையில் இருக்கும் என்பதைத்தான்.

கெட்டிக்காரர்கள் எல்லாம் லண்டனில் இருந்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். இந்தியாவை எட்டுவதற்காக 1859-60-ல் செங்கடல் வழியாகக் கராச்சி வரை போட்ட கேபிளுக்குத் துருக்கி சுல்தான் தரப்பிலும் எகிப்துத் தரப்பிலும் முறையாக அனுமதி வாங்கினார்கள். வீட்டில்தான் கோட்டை விட்டார்கள். கம்பெனியின் 8 லட்சம் பவுண்டு முதலுக்கு 50 வருடம் நாலரை சதவீதம் தருவதாக பிரிட்டிஷ் அரசு எழுதிக்கொடுத்தது. கேபிள் வேலை செய்தால்தான் பணம் என்ற ஒரு வரியைச் சேர்க்கவில்லை. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒரு செய்திகூட ஒழுங்காகப் போகாமல் கேபிள் செத்தது. வருடம் 36,000 பவுண்டு 1908 வரைக்கும் போய்க்கொண்டே இருந்தது. எங்கள் ஆபீஸ் கணக்குப் பிரிவில் இருந்த ஒருவர் இதைக் கேட்டிருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஹவாய்க் கதையும் உண்டு. கனடாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பசிபிக் வழியாகக் கேபிள் போட நடுவில் ஒரு தங்கல் வேண்டும். ஆள் இல்லாத நெக்கர் தீவு, மொத்தம் 45 ஏக்கர் பாறை, அதன் மேல் கண் வைத்தார் கனடா பொறியாளர் சான்ட்ஃபோர்ட் ஃப்ளெமிங். சத்தமில்லாமல் ஓர் ஆளை அனுப்பி பிரிட்டிஷ் கொடியை நட்டுவிடலாம் என்று திட்டம். அப்போது தனி நாடாக இருந்த ஹவாயின் அரசுக்கு வாடை அடித்துவிட்டது. 1894 மே மாதம் தன் அமைச்சரையே கப்பலில் அனுப்பித் தீவு எங்களுடையது என்று அறிவித்துவிட்டது. அப்புறம் ஃப்ளெமிங் நேரில் போய்க் குத்தகைக்குக் கேட்டார். ஹவாய்க்குச் சம்மதம்தான், ஆனால் அமெரிக்காவோடு போட்டிருந்த ஒப்பந்தப்படி வேறு நாட்டுக்கு நிலம் கொடுக்க அமெரிக்கா ஒத்துக்கொள்ள வேண்டும், செனட் ஒத்துக்கொள்ளவில்லை. விளைவு, 1902-ல் கனடாவின் பாம்ஃபீல்டிலிருந்து பசிபிக் நடுவில் இருக்கும் ஃபானிங் தீவு வரை ஒரே வீச்சில் ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கேபிள் போட வேண்டியதாயிற்று. உங்கள் கட்டுரை இதைப் பொறியியல் சாதனை என்று பாராட்டுகிறது. பாராட்டட்டும், ஆனால் அந்த நீளத்துக்குக் காரணம் கிடைக்காமல் போன ஒரு கையெழுத்து என்றும் ஒரு வரி போட்டிருக்கலாம்.

இதெல்லாம் பழங்கதையும் இல்லை. 2024 பிப்ரவரியில் செங்கடலில் மூன்று இணையக் கேபிள்கள் அறுந்தபோது, பழுது பார்க்கும் கப்பல் ஏமன் கடலில் இறங்க அனுமதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆனது. இரண்டு தரப்பு ஆட்சி உரிமை கொண்டாடும் அங்கே யாரிடம் கேட்பது என்பதே ஒரு சண்டை.

அடுத்த இதழில் இரண்டாம் பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் அந்த ஃபெங் சுயி வரிக்கு ஒரு திருத்தம் போட்டால் நன்றாக இருக்கும். எங்கள் ஜே.இ.யின் ஃபைலைத்தான் இனி யாரும் திருத்த முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கேபிள் ஊழியர்,
ஈரோடு