கிளாரினெட்டுக்குக் காதுதான் சுருதி

ஆசிரியருக்கு,

வணக்கம். கிளாரினெட் பழகும் பிள்ளைகளுக்குக் கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி ஒன்றே போதும் என்று தங்கள் நாளிதழில் அண்மையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். வடசென்னையில் கல்யாண ஊர்வலங்களிலும் மாதா கோயில் தேர்பவனிகளிலும் பல ஆண்டுகளாகக் கிளாரினெட் வாசித்து வரும் நான் இதை ஏற்க இயலாது.

சென்ற மாதம் என்னிடம் பழக வந்த மாணவன் ஒருவன், 'சி' சுரத்துக்குரிய விரல்களை வைத்து ஊதியபோது செயலி 'பி-பிளாட்' என்று காட்டவே, கருவி பழுதாகிவிட்டதென்று கலங்கி நின்றான். நம் பேண்டு செட்டுகளில் பெரும்பாலும் புழங்குவது பி-பிளாட் கிளாரினெட். அதில் 'சி' என்று எழுதி வாசிப்பது ஆர்மோனியத்தின் ஆறரைக் கட்டையில், அதாவது பி-பிளாட்டில்தான் ஒலிக்கும். கருவியிலும் குறையில்லை, செயலியும் தவறாகக் காட்டவில்லை. அந்தப் பிள்ளைக்குத் தன் கருவியின் ஒலி இன்னும் காதில் பதியவில்லை, அவ்வளவுதான்.

புல்லாங்குழலிலும் நாகசுரத்திலும் அதே விரலமைப்பில் அழுத்தி ஊதினால் மேல் ஸ்தாயியின் அதே சுரம் கிடைக்கும். கிளாரினெட்டில் கட்டைவிரல் கீயை அழுத்தினால், ஸட்ஜம் (ச) மேல் ஸட்ஜத்தையும் தாண்டி அதற்கடுத்த பஞ்சமத்துக்கு (ப) போய்விடும். இதற்குக் காரணமான, ஊதும் முனையில் மூடியதுபோல் இயங்கும் உருளை வடிவக் குழலே கீழ்ச் சுரங்களுக்குக் குடத்துக்குள்ளிருந்து வருவது போன்ற ஆழ்ந்த நாதத்தையும் தருகிறது. நடுவில் 'ஏ' சுரத்தை வாசிக்கும்போது துளைகள் ஏறக்குறைய எல்லாமே திறந்திருப்பதால் ஒலி மெலிந்து காற்றாடும். அதற்கு அடுத்த 'பி' சுரத்துக்கு எல்லா விரல்களையும் மூடியதும் திடீரெனக் கனத்துவிடும். நான் சுவரைப் பார்த்து நின்று ஊத, பின்னால் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் சுரத்தின் பெயரைச் சொல்வது எங்கள் மொட்டைமாடி வகுப்பின் வழக்கம். அவர்கள் முதலில் பிடிப்பது அந்த மெலிந்த 'ஏ'யைத்தான். நாதத்தைக் கொண்டே சுரத்தை அறிகிறார்கள்.

மார்கழி விடியலில் ராயபுரம் கடற்காற்றில் கருவி குளிர்ந்து சுருதி இறங்கிவிடும். ஊத ஊத மூச்சின் சூட்டில் ஏறிக்கொண்டே போகும். அப்போது மவுத்பீசுக்குக் கீழுள்ள 'பேரல்' என்னும் குட்டிக் குழாயைச் சற்றே வெளியே இழுத்துச் சரிசெய்ய வேண்டும். தேருக்கு முன்னால் நடந்துகொண்டே வாசிப்பவன் கைப்பேசியை எங்கே பார்ப்பது?

ஆகவே பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் பேண்டு பயிற்றுவிப்போர், முதல் சில மாதங்களாவது செயலியை ஒதுக்கிவிட்டு, இரண்டு பிள்ளைகளை அருகருகே நிற்க வைத்து ஒரே சுரத்தை நீளமாக ஊதச் சொல்ல வேண்டுகிறேன். ஒருவர் நொடிக்கு 440 அதிர்விலும் மற்றவர் 442 அதிர்விலும் நின்றால், ஒலி நொடிக்கு இரண்டு முறை எழுந்து அடங்கும். 'பேரல்' குழாயை மெல்ல நகர்த்த அந்த அலைவு தளர்ந்து, கடைசியில் நின்றுவிடும்; அது நிற்கும் கணத்தைப் பிள்ளைகள் தாங்களாகவே காதால் கண்டுகொள்ளட்டும்.

இப்படிக்கு,
பேண்டு வாத்தியக் கலைஞர் ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21