வகுப்பில் வாங்கி வைக்கப்படும் மாணவர் பொருள்கள் குறித்துப் பெற்றோர்க்கு

அன்பார்ந்த பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

கோடை விடுமுறையில் அலுவலக அறைக்கு வெள்ளையடிப்பதற்காகப் பீரோவை நகர்த்த வேண்டியிருந்தது. அதன் கீழ்த்தட்டைக் காலி செய்தபோது மூன்று கைப்பேசிகள், ஏழு கைக்கடிகாரங்கள், ரப்பர் பேண்டு சுற்றிய ஒரு சீட்டுக்கட்டு, ஒற்றைக் காதுக்கான இயர்போன், வால் அறுந்த ரப்பர் பாம்பு ஆகியவை ஒரே துணிப்பையில் கிடந்தன. எதிலும் பெயரோ வகுப்போ தேதியோ இல்லை. கைப்பேசிகளுள் ஒன்றின் பின்மூடி, விரல்நகம் நுழையும் அளவுக்கு ஓரத்தில் தூக்கிக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் சார்ஜ் இன்றிக் கிடந்ததில் உள்ளிருந்த லித்தியம் பேட்டரி வாயு சேர்ந்து உப்பியிருந்தது. அப்படி உப்பிய பேட்டரி நசுங்கினாலோ துளைபட்டாலோ தீப்பற்றக்கூடும். அதன் மேல் பழைய விடைத்தாள் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தோம் என்பதை நினைத்துச் சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

பெயர் குறிக்காமல் மாணவர் பொருளை வாங்கி வைக்கும் இதே வழக்கத்தால் சென்ற கல்வியாண்டில் நேர்ந்த பிழை ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர், காலமான தம் தாத்தா கட்டியிருந்த, சாவி கொடுக்கும் கைக்கடிகாரத்தைக் கணக்குப் பாடவேளையில் கழற்றித் திருகிக்கொண்டிருந்ததால், ஆசிரியர் அதை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தார். ஒரு மாதம் கழித்து அம்மாணவியின் தாயார் வந்து கேட்டபோது எங்களால் அதை எடுத்துத் தர முடியவில்லை. விடுமுறையில் கிடைத்த ஏழினுள் அது இருக்குமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன், இல்லை. அக்குடும்பத்தாரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். இக்கடிதத்தின் வழியாகவும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆசிரியர் அறையில் இதைப் 'பறிமுதல்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அது காவல் நிலையத்துக்குரிய சொல். பாடம் கெடாமலிருக்க ஒரு பொருளைச் சிறிது நேரம் வாங்கி வைக்கும் உரிமை ஆசிரியருக்கு உண்டே தவிர, அதனால் அப்பொருள் பள்ளியின் உடைமை ஆகிவிடுவதில்லை. திருப்பித் தரும்வரை அதற்குப் பள்ளிதான் பொறுப்பு. ஆகவே இக்கல்வியாண்டு முதல் பின்வரும் நடைமுறையைக் கடைப்பிடிக்கிறோம்.

பொருளை வாங்கும் ஆசிரியர், மாணவரின் பெயர், வகுப்பு, பொருளின் அடையாளம், முன்பே இருந்த கீறல் அல்லது உடைசல் ஆகியவற்றைத் துண்டுச்சீட்டில் எழுதித் தாமும் ஒப்பமிட்டு, மாணவரிடமும் ஒப்பம் பெற்று, அடிக்கட்டையை வைத்துக்கொண்டு சீட்டை மாணவரிடம் கொடுத்துவிடுவார். பொருள் அன்று மாலை கடைசி மணிக்கு முன்னதாக அலுவலகத்துக்கு வந்து பதிவேட்டில் ஏறிவிட வேண்டும். இழுப்பறை, கைப்பை, வண்டியின் பெட்டி எதிலும் இரவு தங்கக்கூடாது. பம்பரம், சீட்டு, விளையாட்டுச் சாமான், கடிகாரம் போன்றவை அன்றைய தினமே, பள்ளி விடும் நேரத்தில், மாணவரிடமே திருப்பித் தரப்படும். அபராதம் ஏதும் கிடையாது. பொருள் பிடிபட்டது என்பதற்காக அடிப்பதும் வகுப்பின் முன் இழிவுபடுத்துவதும் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்துள்ள செயல்கள் என்பதை ஆசிரியர்களுக்கு மீண்டும் நினைவூட்டியுள்ளேன்.

கைப்பேசி குறித்துச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அதை மாணவரே அணைத்து, உறையிலிட்டு, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்திட்டுத் தருவார். பெற்றோரில் ஒருவர் நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும். மில்லில் ஷிப்டு பார்ப்பவர்கள், கூலி வேலைக்குச் செல்பவர்கள் அதற்காக ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டியதில்லை; மாலை ஆறு மணி வரை அலுவலகத்தில் ஒருவர் இருப்பார். எந்த ஆசிரியரும் கடவு எண்ணைக் கேட்கவோ படங்களையும் செய்திகளையும் திறந்து பார்க்கவோ மாட்டார். இன்னொரு பிள்ளையைத் தகாத முறையில் படமெடுத்ததாகப் புகார் வந்தாலும், 'ஆதாரத்துக்காக' அப்படத்தை வேறொரு கைப்பேசிக்கு அனுப்பி வைக்கக்கூடாது. அவ்வாறு அனுப்புவதே குற்றமாகிவிடும். அத்தகைய நிலையில் உறையைப் பிரிக்காமல் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி எங்களுக்கு இருக்கிறது. அதைச் செய்வோம், இரு தரப்புப் பெற்றோருக்கும் அன்றே தகவல் தருவோம்.

தொலைவிலிருந்து பேருந்தில் வரும் பிள்ளைகளிடம் பாதுகாப்புக்காகக் கைப்பேசி கொடுத்தனுப்ப வேண்டியிருப்பதாகச் சில தாய்மார்கள் சொல்லியிருக்கிறீர்கள். அதில் நியாயம் இருக்கிறது. கடிதம் எழுதிக் கொடுத்தால், காலையில் அலுவலகத்தில் ஒப்படைத்து மாலையில் பெற்றுச் செல்ல இசைவு தரப்படும். புத்தகப்பைக்கு அடியில் ஒளித்து வைத்து அச்சத்தோடு நாளைக் கழிப்பதைவிட இது மேல்.

இரண்டு வகைப் பொருள்கள் இந்தப் பொது நடைமுறைக்குள் வாரா. முதலாவது, உதட்டுக்கடியில் அடக்கும் புகையிலைப் பொட்டலமும் மின்சிகரெட்டும். இவை திருப்பித் தரப்பட மாட்டா. ஆனால் இதில் முதல் குற்றவாளி உங்கள் பிள்ளை அல்ல: பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்பதை 2003ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது; சிறாரிடம் அதைக் கொடுப்பவருக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு 7 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆகவே பிள்ளையை அடிக்காமல், எந்தக் கடையில் வாங்கினான் என்பதை மட்டும் கேட்டறிந்து எங்களிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது, மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறு. 2023இல் நாங்குநேரியில் சாதிப் பகையால் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பின் அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் ஒருநபர் குழு, சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைப் பள்ளிகளில் அனுமதிக்கக்கூடாது என்று 2024இல் பரிந்துரைத்தது. கயிற்றின் நிறத்தைப் பார்த்தே இவன் எந்தத் தெரு என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடுவதை நானே கேட்டிருக்கிறேன். குலதெய்வக் கோயிலில் கட்டிய காப்பு வேறு, இது வேறு என்பது வீட்டிலுள்ளவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் கத்தரிக்கோலை எடுத்து வகுப்பில் வெட்டும் வேலையை ஆசிரியர்களுக்குத் தரவில்லை. உங்களை அழைத்து, உங்கள் கையாலேயே கழற்றச் சொல்வோம்; அதைப் பீரோவில் வைத்துத் திருப்பித் தரும் பேச்சுக்கே இடமில்லை.

பணமோ பொருளோ காணாமற்போனது என்பதற்காக வகுப்பு முழுவதையும் சோதனையிட மாட்டோம். பையைப் பார்த்தே ஆக வேண்டிய நிலை வந்தால், மாணவியின் பையை ஆசிரியை ஒருவர் மட்டும், மற்றொருவர் முன்னிலையில், அம்மாணவியே திறந்து காட்டப் பார்ப்பார்.

துண்டுச்சீட்டு இல்லாமல் பிள்ளையின் பொருள் வாங்கப்பட்டிருந்தால் என்னிடம் நேரில் சொல்லுங்கள். என் பதிலில் நிறைவில்லையெனில் பள்ளிக்கல்வித் துறையின் 14417 என்னும் உதவி எண்ணில் முறையிடலாம்.

துணிப்பையில் கிடந்த பொருள்கள் அலுவலக வராந்தா மேசையில் வைக்கப்பட்டுள்ளன. உப்பிய கைப்பேசியை மட்டும் தனியாக மணல் வாளியில் வைத்திருக்கிறோம். இம்மாத இறுதிக்குள் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம். பழைய மாணவர்களுடையதாக இருந்தாலும் தடையில்லை. இக்கடிதத்தின் அடியிலுள்ள சீட்டில் கையொப்பமிட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்