ஓடைக்கு அரை விநாடி போதும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் கூடவே அனுப்பிய ஓடைப் படங்களும் கிடைத்தன. ஓய்வு பெற்ற கையோடு கேமரா வாங்கிவிட்டாய் என்று படித்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் வலி ஒருவழியாக அடங்கிவிட்டது. மறுபடியும் பாறைகளில் ஏறி இறங்க முடிகிறது. மற்ற வீட்டுச் சமாசாரங்கள் அடுத்த கடிதத்தில். இன்று தண்ணீரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

ஷட்டரை (கேமராவுக்குள் வெளிச்சத்தை விடும் கதவை) முப்பது விநாடி திறந்துவைத்து எடுத்தும் படம் ஏன் மனதில் ஒட்டவில்லை என்று கேட்டிருந்தாய். நேராகவே சொல்லிவிடுகிறேன்: தண்ணீர் முழுக்கப் பஞ்சாகிவிட்டது. ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்துவைக்கிறோமோ அவ்வளவு அழகு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒவ்வொரு ஓடைக்கும் ஒரு போக்கு உண்டு. அந்தப் போக்கு படத்தில் தெரிய வேண்டும். அது அழிகிற அளவுக்கு ஷட்டர் திறந்திருந்தால் எந்த ஓடையை எடுத்தாலும் ஒரே படம்தான்.

உன் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது பக்கம் தண்ணீர் பாசி பிடித்த ஒரு கல்லில் மோதி இரண்டாகப் பிரிகிறது. அரை விநாடியில் எடுத்திருந்தால் கல்லின் மேல் விளிம்பிலிருந்து இழை இழையாக வழிவதும், இரண்டு கிளையும் கீழே சேரும் இடத்தில் நுரை சுழிப்பதும் தெரிந்திருக்கும். முப்பது விநாடியில் அந்த இழைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து எல்லாமே வெள்ளையாகிவிட்டன.

சரி, எவ்வளவு வைப்பது? எண்ணைவிட, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் தண்ணீர் உன் ஃபிரேமுக்குள் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதைப் பார். பக்கத்தில் நின்று எடுத்தாலோ தூரத்தைப் பக்கத்தில் காட்டும் டெலி லென்ஸ் போட்டாலோ தண்ணீர் படத்தில் சீக்கிரம் கோடாக இழுபடும். குறுக்கே ஓடும் தண்ணீரைவிட உன்னை நோக்கி வரும் தண்ணீர் குறைவாக இழுபடும். உயரத்திலிருந்து விழும் அருவிக்கு 1/8 விநாடியே பல சமயம் போதும். மெதுவாகப் போகும் ஓடைக்கு அரை விநாடி, ஒரு விநாடி. கடலில் அலை கரையிலிருந்து பின்வாங்கும்போது அரை விநாடி வைத்துப் பார், மணலில் நீண்ட கோடுகள் விழும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் முப்பது விநாடிக்கு நான் ஓட்டுப் போடுவேன்: அருவிக்குக் கீழே கறுப்பாகத் தேங்கிய மடுவில் நுரைத் துணுக்குகள் மிதக்கும் அல்லவா, அவை அந்த நேரத்தில் வட்டம் வட்டமாகச் சுழலை வரைந்து காட்டிவிடும். கண்ணுக்கு அது அப்படித் தெரியவே தெரியாது.

வெளிச்சம்தான் அடுத்த சிக்கல். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 100, லென்ஸ் துளையைச் சிறிதாக்கி எஃப் 16 வைத்தாலும் ஷட்டர் 1/100 விநாடிக்கு அருகில்தான் நிற்கும். துளையை இன்னும் சுருக்கி எஃப் 22-க்குப் போனால் விளிம்பு விளைவால் (சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால்) படம் முழுக்கக் கூர்மை குறையும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்; 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் (லென்ஸின் முன் மாட்டும் கருங்கண்ணாடி) போட்டால் நேரம் 64 மடங்காகும், அதாவது அரை விநாடியைத் தாண்டிவிடும். நீ வாங்கியிருப்பது 10 ஸ்டாப். அது ஆயிரம் மடங்குக்கும் மேல். மரநிழலில் அதைப் போட்டால் அரை விநாடி எப்படி வரும்? அங்கே ஃபில்டரே வேண்டியதில்லை. மேகம் மூடிய நாளாகவோ, வெயில் இறங்காத காலையாகவோ பார்த்துப் போனால் எஃப் 11-லேயே கால் விநாடி கிடைத்துவிடும். மேலும் வெயில் பட்ட நுரை சட்டென்று வெளுத்துப்போகும், அதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஒவ்வொரு படத்துக்கும் ஹிஸ்டோகிராமின் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடத்தின்) வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொள்.

பணம் செலவழிப்பதென்றால் முதலில் போலரைசர் (பளபளப்பை வடிகட்டும் ஃபில்டர்) வாங்கு. ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை அதுவே குறைத்துவிடும். அதைவிட முக்கியம், அதைத் திருப்பத் திருப்ப ஈரப் பாறைமேல் இருக்கும் வெள்ளைப் பளபளப்பு மறைந்து கல்லின் உண்மையான நிறமும் பாசியின் பச்சையும் வெளியே வரும். எனக்கு இன்றும் அலுக்காத காட்சி அது.

முக்காலியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கால்களை ஓட்டத்துக்குள் வைத்தால் அதிரும், நடுத்தண்டை உயர்த்தாதே. இரண்டு விநாடி செல்ஃப் டைமர் போடு. அப்புறம், சாரல் அடிக்கிற இடத்தில் லென்ஸைத் துடைக்க உலர்ந்த துணி கையிலேயே இருக்கட்டும்.

நேரம் கிடைத்தால் புகைப்படக் கலைஞர் மைப்ரிட்ஜ் 1872-ல் அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் எடுத்த அருவிப் படங்களைத் தேடிப் பார். அன்று படம் பதித்த ஈரக் கண்ணாடித் தகடுகளின் ஒளியுணர்வு மிகக் குறைவு என்பதால் தண்ணீர் வெண்திரையாகத்தான் பதிந்தது, அவருக்கு வேறு வழியில்லை. ஓடும் குதிரையின் ஒவ்வோர் அசைவையும் 1878-ல் தனித்தனியாக நிறுத்திக் காட்டியதும் அதே மனிதர்தான்! நம் கையில் இரண்டுமே இருக்கின்றன.

அடுத்த தடவை அதே கல்லுக்கு முன்னால் முக்காலியை அசைக்காமல் 1/15, 1/4, 1/2, 2, 30 விநாடி என்று வரிசையாக எடுத்து எல்லாவற்றையும் எனக்கு அனுப்பு. எது பிடித்தது என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லாதே, நானே பார்த்துச் சொல்கிறேன். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்