ஊசியே இல்லாத மிஷினுக்கு ஊசி என்று பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் சிறுதொழில் பற்றி வந்த கட்டுரையில் பிளாஸ்டிக் பொருட்களை வார்க்கும் இன்ஜெக்ஷன் மோல்டிங்கை ‘ஊசி வார்ப்பு’ என்று எழுதியிருந்தார்கள். பதினெட்டு வருடமாக அந்த மிஷினோடுதான் என் பிழைப்பு. அதில் ஊசி என்று ஒன்று கிடையாது. ஹாப்பரில் கொட்டிய பிளாஸ்டிக் குருணை பேரல் என்கிற சூடான குழலுக்குள் இறங்கி உருகும். ஸ்க்ரூ அதை முன்னால் தள்ளி, நாசில் என்கிற முனை வழியாக, மூடிய டைக்குள், அதாவது அச்சுக்குள், அழுத்திச் செலுத்தும். ஆறியதும் டை திறந்து பொருள் விழும்.

ஆங்கிலச் சொல்லுக்கு உள்ளே செலுத்துவது என்றுதான் பொருள். நாமோ ஆஸ்பத்திரியில் அந்தச் செயலைக் கருவியின் பெயரால் சொல்லிப் பழகிவிட்டோம்: ‘ஊசி போட்டார்கள்’. அங்கே அது நல்ல தமிழ், மாற்ற வேண்டியதில்லை. அதையே பட்டறைக்குத் தூக்கி வந்தால்தான் சிக்கல். வண்டிகளின் ஃபியூயல் இன்ஜெக்ஷனை ‘எரிபொருள் ஊசி’ என்று எழுதுவதும் இதே தவறுதான்.

1872இல் அமெரிக்காவின் ஹையட் சகோதரர்கள் காப்புரிமை பெற்ற முதல் மிஷின் சிரிஞ்ச் போலவே தண்டால் தள்ளுகிற வகை. சரி, ஒப்புமை இருக்கிறது. ஆனால் ஒத்துப்போவது குழலும் தண்டும்தான், ஊசி அல்ல. இன்று ஒருமுறை பயன்படுத்தி எறிகிற சிரிஞ்சிலும் பிளாஸ்டிக் குழலையும் தண்டையும் வார்ப்பது எங்கள் மிஷின். அதன் ஊசி எஃகு, அதைச் செய்யும் முறையே வேறு.

வெறும் வார்த்தைதானே என்று என்னால் விட முடியவில்லை. எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு மிஷினின் தமிழ்க் கையேட்டில், ‘ஊசி அலகு இயங்கும்போது அருகில் கை வைக்காதீர்கள்’ என்று இருந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் மிஷினில் ஊசியைத் தேடியிருக்கிறான். காணோம். இந்த எச்சரிக்கை வேறு மாடலுக்குப் போல என்று நினைத்து, பேரலைச் சுத்தம் செய்யும்போது நாசில் பக்கம் கையைக் கொண்டுபோய்விட்டான். பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் அங்கே 200 டிகிரிக்கு மேல் சூட்டில் பீறிடும். பக்கத்தில் நின்ற ஆபரேட்டர் அண்ணன் பிடித்து இழுத்ததால் கை தப்பியது.

‘உட்செலுத்து வார்ப்பு’ என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் இன்ஜெக்ஷன் மோல்டிங் என்றே விடுங்கள், பட்டறையில் எல்லோருக்கும் புரியும். அந்தக் கையேட்டு வரியின் மேல் இப்போது காகிதம் ஒட்டி, ‘உருகிய பிளாஸ்டிக் வரும் இடம், கை வைக்காதே’ என்று நாங்களே எழுதி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
மோல்டிங் பட்டறைத் தொழிலாளி,
அம்பத்தூர்